கனிமத்தை விற்ற பணம் வருமானமா? ராயல்டி, நிலவரி, தீர்ப்புகள்: ஒரு விளக்கம்

2025 ஏப்ரலில் தமிழகத்தின் பல மாவட்டங்களில் கல்குவாரிகளும் கிரஷர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கின. ஜல்லியும் எம்-சாண்டும் கிடைக்காமல் கட்டுமானப் பணிகள் தடுமாறின. அந்த மாதம் 4-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்த கனிமவள நிலவரிதான் அதற்குக் காரணம். உடைகல்லுக்கு டன்னுக்கு 90 ரூபாய், சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் என்று அந்த வரி விதிக்கப்பட்டிருந்தது. அரசு பேச்சு நடத்தி, உடைகல்லுக்கு ஏற்கெனவே வாங்கிவந்த சீனியரேஜ் என்ற குவாரிக் கட்டணத்தைக் குறைக்க ஒப்புக்கொண்ட பிறகு லாரிகள் மீண்டும் ஓடின.

கனிமத்தை எடுப்பதற்கான விலையாக ராயல்டி என்று ஒன்று இருக்கும்போது நிலவரி எதற்கு, மாநில அரசுக்கு இப்படி வரி போடும் அதிகாரம் உண்டா, உச்சநீதிமன்றம் இதில் என்ன சொன்னது, கடைசியில் யார் தலையில் இது விழுகிறது என்று பல கேள்விகள் அப்போது ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்தன. அவற்றுக்கு விடை சொல்வது கடினமன்று. ஆனால் இந்தப் பணத்தை அரசு எந்த வகையான பணமாகக் கருதிச் செலவிடுகிறது என்ற கேள்வியை வழக்கிலும் வேலைநிறுத்தத்திலும் யாரும் எழுப்பவில்லை. இக்கட்டுரை முதலில் அடிப்படைகளை விளக்கிவிட்டு, பின்பு அந்தக் கேள்விக்கு வருகிறது.

பூமிக்கு அடியில் இருப்பது யாருடையது

நிலத்தின் மேல்பரப்பு பட்டாதாரருக்கு, அடியில் உள்ளதெல்லாம் அரசுக்கு என்பதுதான் பொதுவாக நிலவும் எண்ணம். சட்டம் அவ்வளவு எளிமையாக இல்லை. கேரளத்தின் மலபார் பகுதியில் ஜென்ம நிலங்கள் எனப்படும் பரம்பரை முழு உரிமை நிலங்கள் தொடர்பான வழக்கில் 2013 ஜூலையில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், முறையான சட்டம் ஒன்றின் வழியாகப் பறிக்கப்படாதவரை அடிநிலக் கனிமங்களின் உரிமை நில உரிமையாளரிடமே இருக்கும் என்றும், அடியில் உள்ள செல்வம் அனைத்தும் தானாகவே அரசுக்குச் சொந்தம் என்று சொல்லும் சட்டம் எதுவும் இல்லை என்றும் கூறியது. அதற்காகப் பட்டாதாரர் தம் விருப்பப்படி தோண்டி விற்றுவிட முடியாது. 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டப்படி, உரிய குத்தகையோ உரிமமோ இல்லாமல் கனிமம் எடுப்பது குற்றம்.

நடைமுறையில் கனிமங்களை நான்கு வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

1. சிறுகனிமங்கள்: உடைகல், கிராவல், மணல், கிரானைட், செங்கல் மண் முதலியவை. இவற்றுக்கான விதிகளையும் கட்டணங்களையும் மாநில அரசே வகுக்கிறது. தமிழகத்தில் 1959-ஆம் ஆண்டின் சிறுகனிமச் சலுகை விதிகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. சீனியரேஜ் என்று குவாரிக்காரர்கள் சொல்வது இந்த விதிகளின்படி செலுத்தும் தொகையைத்தான்.

2. பெருங்கனிமங்கள்: சுண்ணாம்புக்கல், பழுப்பு நிலக்கரி, இரும்புத்தாது, மேக்னசைட் முதலியவை. இவற்றுக்கான ராயல்டி விகிதத்தை ஒன்றிய அரசு நிர்ணயிக்கிறது, பணம் மாநிலத்துக்கு வருகிறது. விலையை ஒருவர் குறிக்க, கல்லாவில் இன்னொருவர் அமர்ந்திருக்கும் இந்த ஏற்பாட்டில்தான் பெரும்பாலான சச்சரவுகள் பிறக்கின்றன.

3. முக்கியக் கனிமங்கள்: 2023-இல் சட்டம் திருத்தப்பட்டபோது 24 கனிமங்கள் தனிப்பட்டியலில் சேர்க்கப்பட்டு, அவற்றை ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் கொடுக்கப்பட்டது. வருவாய் மட்டும் மாநிலத்துக்கு. டங்ஸ்டன் இந்தப் பட்டியலில் உள்ளது.

4. எண்ணெய், எரிவாயு, கடலடிக் கனிமங்கள்: இவை ஒன்றிய அரசின் பொறுப்பில் உள்ளவை. எல்லைக்குட்பட்ட கடலடியில் உள்ளவை ஒன்றியத்துக்கே உரியவை என்று அரசமைப்பின் 297-ஆம் கூறு வெளிப்படையாகச் சொல்கிறது.

ஒரு டன் கல்லுக்கு எத்தனை வகைக் கட்டணம்

அரியலூர் மாவட்டத்தின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அந்தப் பகுதியை மூடியிருந்த கடலில் வாழ்ந்த உயிரினங்களின் ஓடுகளும் எச்சங்களும் படிந்து இறுகிய பாறை அது. வெட்டி எடுத்த கட்டிகளிலேயே அம்மோனைட்டுகள் எனப்படும் அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடலுயிர்களின் அச்சு தென்படும். பெஞ்சு எனப்படும், படிப்படியாகக் கீழிறங்கும் மேடைகளில் கல்லை உடைத்து, லாரியில் ஏற்றி, நடைச்சீட்டு போட்டு ஆலைக்கு அனுப்புகிறார்கள். வண்டி எண், ஏற்றிய அளவு, புறப்பட்ட நேரம், சேருமிடம் ஆகியவற்றைக் கொண்ட அந்தச் சீட்டுதான் அரசைப் பொறுத்தவரை விற்பனைக்கு அத்தாட்சி. சீட்டில் ஏறாத டன் அரசுக் கணக்கில் பிறக்கவே இல்லை. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம், கிரானைட் முறைகேடுகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று 2012-இல் அறிக்கை அனுப்பியது, சீட்டுக்கும் குழிக்கும் இடையிலுள்ள தூரத்தைக் காட்டியது.

சீட்டில் ஏறும் டன்னுக்கு வசூலாகும் தொகைகள் இவை:

1. ராயல்டி: கனிமத்தை எடுத்துக்கொள்வதற்காகக் குத்தகைதாரர் கொடுக்கும் விலை. சிமெண்ட் ஆலைக்குச் செல்லும் சுண்ணாம்புக்கல்லுக்கு 2014 செப்டம்பரில் டன்னுக்கு 80 ரூபாய் என்று வைத்தார்கள். இரும்புத்தாதுக்கு அப்படியன்றி, சராசரி விற்பனை விலையில் 15 விழுக்காடு. விலையோடு சேர்ந்து உயரும் ராயல்டிக்கும் ரூபாயில் உறைந்து நிற்கும் ராயல்டிக்கும் வேறுபாடு பெரிது. பத்தாண்டுப் பணவீக்கத்தில் அந்த 80 ரூபாயின் மதிப்பு எவ்வளவு தேய்ந்திருக்கும் என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம்.

2. மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கான பங்களிப்பு: 2015-இல் வந்த ஏற்பாடு. 2015 ஜனவரி 12-க்கு முந்தைய குத்தகைகள் ராயல்டியில் 30 விழுக்காட்டையும், அதன் பின் ஏலத்தில் எடுத்தவை 10 விழுக்காட்டையும் செலுத்த வேண்டும். மேற்கண்ட கல்லுக்கு, பழைய குத்தகையானால், டன்னுக்கு 24 ரூபாய்.

3. ஏல முனைமம் (பிரீமியம்): 2015 முதல் பெருங்கனிமக் குத்தகைகள் ஏலத்தில்தான் தரப்படுகின்றன. கனிமத்தின் மதிப்பில் எத்தனை விழுக்காட்டை மாநிலத்துக்குக் கொடுப்பேன் என்று போட்டியிடுவோர் கேட்கிறார்கள். 2020-இல் ஒடிசாவின் இரும்புத்தாதுச் சுரங்கங்களுக்கு வந்த கேட்புகள் 90 விழுக்காட்டைத் தாண்டின. முந்தைய அறுபது ஆண்டுகளில் அதே தாது என்ன விலைக்குப் போயிற்று என்பதை அந்த எண் சொல்லாமல் சொல்லிவிட்டது. ஆனால் சொந்த ஆலைக்காகத் தோண்டும் பழைய குத்தகைகளுக்குச் சட்டமே குறைந்தது 2030 மார்ச் 31 வரை நீட்டிப்புக் கொடுத்திருப்பதால், அத்தகைய சிமெண்ட் நிறுவனங்களை இந்த முனைமம் இன்னும் தொடவில்லை.

4. நிலவரி: 2025 ஏப்ரல் முதல் தமிழகத்தில் புதிதாகச் சேர்ந்தது. சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய், அதாவது ராயல்டியைப்போல் இரு மடங்கு. மாநிலத்தால் ராயல்டியை உயர்த்த முடியாது. ஆகவே கைக்கு எட்டிய வேறொரு வழியாக அதே கல்லின் மீது கை வைத்தது என்று சொல்வதில் தவறில்லை.

விடுபட்ட ஒரு சொல்: 1989 முதல் 2024 வரை

நிலவரிக்கு வழி திறந்த வழக்கின் தொடக்கம் தமிழகத்தில்தான். திருநெல்வேலி மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் எடுக்க 1963-இல் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்துக்குக் குத்தகை கொடுக்கப்பட்டது. 1958-ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டத்தின்படி நிலவருவாயின் மீது ஊராட்சிகளுக்காகத் தலவரி என்ற உள்ளூர் மேல்வரி வசூலிக்கப்பட்டு வந்தது. 1964-இல் சட்டத்தில் ஒரு விளக்கத்தைச் சேர்த்து, ராயல்டியும் நிலவருவாயே என்று மாநில அரசு சொல்லிவிட்டது. இதனால் ராயல்டியின் மீதே தலவரி ஏறியது. நிறுவனம் நீதிமன்றம் சென்றது. 1989 அக்டோபரில் ஏழு நீதிபதிகள் அமர்வு, ராயல்டியின் மீது மாநிலம் வரி போட முடியாது என்று அந்தத் தலவரியைச் செல்லாததாக்கியது. போகிற போக்கில், ராயல்டி என்பதே ஒரு வரி என்றும் அந்தத் தீர்ப்பில் ஒரு வாசகம் இடம்பெற்றது.

அந்த ஒரு வாசகத்தை வைத்துக்கொண்டு பல மாநிலங்களின் கனிம வரிச் சட்டங்கள் அடுத்தடுத்து விழுந்தன. 2004 ஜனவரியில், மேற்கு வங்க அரசுக்கும் கேசோராம் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த வாசகத்தையே ஆராய்ந்து, ‘ராயல்டி மீதான தலவரி ஒரு வரி’ என்று இருந்திருக்க வேண்டிய இடத்தில் ‘தலவரி’ விடுபட்டுப்போன தட்டச்சுப் பிழை அது என்று பெரும்பான்மையாகக் கூறியது. ஏழு பேர் சொன்னதை ஐந்து பேர் திருத்தலாமா என்ற அடுத்த சிக்கல் எழ, 2011-இல் வழக்கு ஒன்பது நீதிபதிகளுக்கு அனுப்பப்பட்டது. விசாரணைக்கு வர மேலும் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. ஒரு வாக்கியத்தின் பொருள் என்ன என்று முடிவு செய்ய நாட்டுக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தது என்றால், அந்தக் காலமெல்லாம் தோண்டப்பட்ட கல்லின் கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

2024 ஜூலை 25 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதன் சாரம்:

1. ராயல்டி வரியன்று. குத்தகைக்குக் கொடுப்பவருக்கு, எடுப்பவர் ஒப்பந்தப்படி கொடுக்கும் விலை.

2. கனிம உரிமைகளின் மீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு. நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அதற்கு வரம்பு கட்டலாம். ஆனால் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி எந்த வரம்பையும் கட்டவில்லை.

3. மாநிலங்களின் அதிகாரங்களை வரிசைப்படுத்தும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் 49-ஆம் பதிவில் உள்ள ‘நிலங்கள்’ என்பதில் கனிமம் உள்ள நிலமும் அடங்கும். எடுக்கப்படும் கனிமத்தின் அளவையோ மதிப்பையோ அந்த நிலவரிக்கு அளவுகோலாகக் கொள்ளலாம்.

மூன்றாவது கூறுதான் தமிழகச் சட்டத்தின் அடித்தளம். மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி பி.வி. நாகரத்னா, ராயல்டியும் வரியின் தன்மை உடையதே என்றார். வருவாய்க்காக மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டுக் கனிம விலையைத் தாறுமாறாக்கும் என்றும், சுரங்கத் தொழில் சுணங்கும் என்றும் எச்சரித்தார். அந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. தீர்ப்பு வந்த சில வாரங்களிலேயே ஜார்க்கண்ட் தன் சட்டத்தை நிறைவேற்றியது, டிசம்பரில் தமிழகச் சட்டமன்றம் தன்னுடையதை நிறைவேற்றியது. ஆயினும் மண்ணையும் நீரையும் இழப்பது மாநிலம், விலை வைப்பது வேறிடம் என்ற பழைய ஏற்பாட்டைவிடத் தீர்ப்பு காட்டும் வழி நியாயமானது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

மூட்டைக்கு எவ்வளவு

வரி உயர்ந்ததும் விலை உயர்கிறது என்ற புகாரில் உண்மை எவ்வளவு என்பதைச் சிமெண்டை வைத்துக் கணக்கிடலாம். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டுக் கிடைக்கும், சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கர் ஒரு டன் செய்ய ஏறத்தாழ ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். சாம்பல் கலந்த சிமெண்டில் கிளிங்கரின் பங்கு மூன்றில் இரண்டு என்று கொண்டால், ஒரு டன் சிமெண்டுக்கு ஒரு டன் கல். ஒரு டன்னில் 50 கிலோ மூட்டைகள் இருபது. 160 ரூபாயை இருபதால் வகுத்தால் மூட்டைக்கு 8 ரூபாய். சாம்பல் கலக்காத சாதாரண சிமெண்டுக்கு 11 ரூபாய் வரை போகும். பழைய ராயல்டியோ மூட்டைக்கு 4 ரூபாய்தான்.

2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டின் மீதான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை 280 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மூட்டைக்கு 28 ரூபாய் குறைப்பு அது. நூறு மூட்டை சிமெண்ட் வாங்குபவருக்கு நிலவரியால் கூடுவது 800 ரூபாய், ஜிஎஸ்டி குறைப்பால் மிஞ்சுவது 2,800 ரூபாய், குறைப்பு முழுவதும் அவர் கைக்கு வந்து சேர்ந்தால். ஆகவே நிலவரி வீடு கட்டுபவரை முறித்துவிடும் சுமை என்று சொல்வது மிகை. ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் நிலைமை சற்று வேறு. அவற்றின் விலையே குறைவு என்பதால் டன்னுக்கு 90 ரூபாய் என்பது விழுக்காட்டில் பெரிதாகத் தெரியும். சிறு குவாரிக்காரர்களின் எதிர்ப்பு சிமெண்ட் ஆலைகளின் எதிர்ப்பைவிடக் கடுமையாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இது எந்த வகைப் பணம்

விளைச்சலை விற்பது வேறு, நிலத்தையே விற்பது வேறு என்பது விவசாயக் குடும்பம் எதற்கும் தெரியும். கனிமத்தை விற்பது இரண்டாம் வகையைச் சேர்ந்தது. எடுத்த சுண்ணாம்புக்கல் அடுத்த பருவத்தில் மீண்டும் முளைக்காது. குழியில் மழைநீர் தேங்கி நிற்கும். ஆகவே அரசுக்கு வரும் ராயல்டியும் முனைமமும் நிலவரியும் பெரும்பகுதி சொத்து விற்ற பணமே.

ஆனால் அரசின் கணக்குமுறை அப்படிப் பார்ப்பதில்லை. ராயல்டி 0853 என்ற கணக்குத் தலைப்பில் வரியல்லாத வருவாயாகப் பதிவாகிறது. நிலவரி, வரி வருவாயாகப் பதிவாகிறது. இரண்டும் வருவாய்க் கணக்கிலேயே சேர்கின்றன, சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் ஆகிய நடப்புச் செலவுகள் வெளியேறும் அதே கணக்கு. அரசு ஒரு பொதுத்துறைப் பங்கை விற்றால் அது மூலதன வரவு. ஒரு மலையைக் கல்லாக்கி விற்றால் அது வருவாய். இந்த வேறுபாட்டுக்குப் பொருளியலில் காரணம் எதுவும் இல்லை. பழக்கம் ஒன்றே காரணம்.

இதன் விளைவுகள் மூன்று.

1. பற்றாக்குறை உள்ளதைவிடக் குறைவாகத் தெரிகிறது. தமிழகம் 2013-14 முதல் வருவாய்ப் பற்றாக்குறையில் இருந்துவருகிறது. நடப்பு வருவாய் நடப்புச் செலவுக்குப் போதவில்லை என்பது இதன் பொருள். அந்தப் போதாத வருவாயிலும் ஒரு பகுதி சொத்து விற்ற பணம் என்றால், உண்மையான பற்றாக்குறை அச்சிட்ட எண்ணைவிட அதிகம்.

2. வேகமாகத் தோண்டும் மாநிலம் நன்றாக நிர்வகிக்கப்படும் மாநிலம்போல் தெரிகிறது. வருவாய் உயர்ந்ததற்குக் காரணம் திறமையா, இருப்பைக் கரைத்ததா என்று வரவுசெலவுத் திட்ட உரையை மட்டும் படிப்பவரால் கண்டுபிடிக்க முடியாது.

3. நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கிலும் இதே குறை உள்ளது. வெட்டியெடுத்த கனிமத்தின் மதிப்பு உற்பத்தியில் கூட்டப்படுகிறது, குறைந்துபோன இருப்பு எங்கும் கழிக்கப்படுவதில்லை. இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதும் கணக்காளர் மலைக்கு எழுதுவதில்லை. 2025 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் புள்ளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்ட புதிய தேசியக் கணக்கு நெறிமுறை, இயற்கை வளத்தின் கரைவை உற்பத்திச் செலவாகக் கொண்டு நிகர உற்பத்தியில் கழிக்கச் சொல்கிறது. அது நாடுகளின் கணக்கில் நடைமுறைக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். இந்தியாவில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அமைப்பு 2022-இல் மாநிலங்களின் கனிம, எரிசக்தி வளங்களுக்கான சொத்துக் கணக்குகளைத் தொகுத்து வெளியிட்டது. தொடக்கம் நல்லது. ஆனால் அந்தத் தொகுப்பு ஒருபுறமும் வரவுசெலவுத் திட்டம் மறுபுறமுமாக நிற்கின்றன.

கொள்கை அளவில் இதை அரசு மறுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒடிசாவின் சட்டவிரோதச் சுரங்கங்கள் பற்றிய வழக்கில், பழைய கனிமக் கொள்கையை மறுபரிசீலனை செய்யுமாறு உச்சநீதிமன்றம் 2017-இல் பணித்ததன் பேரில் வெளியான 2019-ஆம் ஆண்டின் தேசியக் கனிமக் கொள்கை, இயற்கை வளங்கள் மக்களின் பொதுப் பிதுரார்ஜிதம், அரசு அதன் அறங்காவலர், வருங்காலத் தலைமுறைக்கும் அதன் பயன் சேர வேண்டும் என்ற கருத்தை ஏற்றுக்கொண்டுள்ளது. அறங்காவலர் கோயில் நிலத்தை விற்று அன்றாடப் பூசைச் செலவைப் பார்த்தால் ஊர் சும்மா இருக்காது.

கோவா, நார்வே, நவ்ரு

சொத்து விற்ற பணத்தைச் சொத்தாகவே வைத்திருக்க முடியுமா என்ற கேள்விக்கு மூன்று இடங்களின் அனுபவம் உதவும்.

கோவாவில் இரும்புத்தாதுக் குத்தகைகள் 2007 நவம்பரிலேயே காலாவதியாகியும் 2012 வரை தோண்டல் நடந்தது. அந்த வழக்கில் 2014 ஏப்ரலில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், ஆண்டுக்கு இரண்டு கோடி டன் என்று உச்சவரம்பு வைத்ததோடு, விற்பனைத் தொகையில் பத்தில் ஒரு பங்கை நிரந்தர நிதியாக ஒதுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. வருங்காலத் தலைமுறையின் பங்கு என்ற பெயரில் தனிக் கணக்கு ஒன்று நீதிமன்ற ஆணையால் பிறந்தது இந்தியக் கனிம வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்வு. வேறு மாநிலங்கள் தாமாக முன்வந்து அதைப் பின்பற்றவில்லை.

நார்வே பலமுறை சொல்லப்பட்ட கதை என்பதால் சுருக்கமாகப் பார்ப்போம். 1969-இல் எண்ணெய் கிடைத்தது. 1990-இல் நிதிக்குச் சட்டம் வந்தது. 1996-இல் முதல் தொகை சேர்ந்தது. எண்ணெய்ப் பணம் நிதிக்குள் போகும். நிதியிலிருந்து அதன் எதிர்பார்க்கப்படும் உண்மை வருவாயை மட்டுமே, இப்போதைய அளவில் மதிப்பில் ஏறத்தாழ 3 விழுக்காட்டை, அரசு செலவுக்கு எடுக்கும். நிதியின் மூலத்தொகை கரையாமல் நிற்க வேண்டும் என்பதே விதி. தலா வருமானம் குறைந்த நாடு இதை அப்படியே நகலெடுக்க முடியாது. பள்ளியும் மருத்துவமனையும் சாலையும் இல்லாத ஊரில் பணத்தை வெளிநாட்டுப் பங்குகளில் போட்டுவைப்பது அறிவுடைமையாகாது. அந்த வசதிகளை உருவாக்குவதும் சொத்தைச் சொத்தாக மாற்றுவதே. கனிமப் பணம் கட்டடமாக, கல்வியாக மாறுவதற்கும் வட்டிச் செலவில் கரைவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் காட்ட வேண்டும் என்பதே கோரிக்கை.

நிதி வைத்துவிட்டாலே போதும் என்று எண்ணுவோருக்கு நவ்ரு பதில் சொல்லும். பசிபிக் கடலின் இந்தச் சிறு தீவு 1968-இல் விடுதலை பெற்று, தன் பாஸ்பேட் பாறையை விற்று, ராயல்டி அறக்கட்டளை ஒன்றையும் அமைத்தது. அந்தப் பணத்தில் 1977-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 52 மாடி நவ்ரு ஹவுஸ் எழுந்தது. மோசமான முதலீடுகளும் பொறுப்பற்ற செலவும் சேர்ந்து நிதியைக் கரைத்தன. கடனுக்காக 2004-இல் அந்தக் கட்டடம் விற்கப்பட்டது. தீவின் நடுப்பகுதி இன்று கூரிய சுண்ணாம்புப் பாறை முனைகள் நிறைந்த, பயிர் செய்ய முடியாத வெளி. 2001 முதல் ஆஸ்திரேலியா அனுப்பும் அகதிகளைத் தங்கவைக்கும் முகாம் அதன் முக்கிய வருவாய்களில் ஒன்றாகியது. நிதியை யார் தணிக்கை செய்கிறார்கள், எதில் போடுகிறார்கள், எந்த விதிப்படி எடுக்கிறார்கள் என்பவை நிதியின் பெயரைவிட முக்கியம்.

இந்தியாவில் நிதிக்கு நெருக்கமாக உள்ளது மாவட்டக் கனிம அறக்கட்டளைதான். 2015 முதல் நாடெங்கும் அதில் சேர்ந்த தொகை ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. அதன் நோக்கம் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இன்றைய தேவைகளைச் செய்து கொடுப்பது. அது தேவையானதே. கனிமம் தீர்ந்த பின் பிழைப்புக்காக ஒரு பகுதியை மூலநிதியாக வைக்க வேண்டும் என்றும் வழிகாட்டு நெறிகளில் ஒரு வரி உண்டு. அரியலூர்போன்ற மாவட்டத்தில், கடைசிப் பெஞ்சும் வெட்டி முடிந்த பின் என்ன தொழில் என்ற கேள்விக்கு அந்த ஒரு வரியே இப்போதைக்கு விடை.

விற்காமல் வைத்திருப்பதும் ஒரு முடிவு

சொத்து வைத்திருப்பவருக்கு விற்கும் உரிமையோடு விற்காதிருக்கும் உரிமையும் உண்டு. மதுரை மாவட்டம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி இதற்குச் சான்று. 2024 நவம்பரில் ஒன்றிய அரசின் ஏலத்தில் அந்தத் தொகுதி இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு முடிவானது. ஏலப் பரப்பு இரண்டாயிரம் ஹெக்டேருக்கும் சற்று அதிகம். 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் பகுதியும் அதற்குள் வந்தது. சமணர் படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் நீர்நிலைகளும் உள்ள மலைகள் அவை. மேலூர் வட்டாரம் முழுவதும் திரண்டது. டிசம்பர் 9-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23-இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. முன்பே ஆட்சேபிக்கவில்லை என்று ஒன்றிய அரசும், முன்பே கடிதம் எழுதினோம் என்று மாநில அரசும் ஒருவரையொருவர் குறைகூறிக்கொண்டதில், ஏலத்துக்கு முன் ஊரைக் கேட்க வேண்டியவர் யார் என்ற கேள்வி அடிபட்டுப்போனது.

இதில் பொருளியலுக்கு ஒரு பாடம் உள்ளது. ஏலத்தில் வரும் முனைமம் கனிமத்தின் விலையை மட்டுமே காட்டுகிறது. அதன் மேல் நிற்கும் மலையின், ஊற்றின், வயலின் விலை ஏலப் படிவத்தில் ஒரு கட்டமாகக்கூட இல்லை. கனிமம் பூமிக்குள் இருக்கும்வரை கெட்டுப்போவதில்லை என்பதால், இன்று விற்காதது நாளை விற்க முடியாததாகிவிடாது. மலையை வெட்டிய பின் திரும்ப வைக்க முடியாது.

2026-இல் தொடங்கும் தவணைகள்

ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 14-இல் இன்னோர் உத்தரவும் பிறப்பித்தது. மாநிலங்கள் 2005 ஏப்ரல் 1 முதலான காலத்துக்குரிய வரியையும் கேட்கலாம், ஆனால் அதை 2026 ஏப்ரல் 1 முதல் பன்னிரண்டு ஆண்டுகளில் தவணைகளாகவே வாங்க வேண்டும், தீர்ப்பு நாளுக்கு முந்தைய காலத்துக்கு வட்டியோ தண்டமோ கூடாது என்பது அதன் சாரம். அந்தக் காலத்திலேயே கனிம வரிச் சட்டம் இயற்றி, நீதிமன்றத்தில் அது விழப் பார்த்திருந்த ஒடிசா போன்ற மாநிலங்களுக்கு இது பெருந்தொகை. தமிழகச் சட்டம் 2025 ஏப்ரலிலிருந்துதான் வரி கேட்கிறது என்பதால் இங்கே நிலுவை என்ற பேச்சு இல்லை.

அந்த நிலுவைத் தொகை இருபது ஆண்டுகளுக்கு முன் தொடங்கித் தோண்டி உருக்கி விற்று முடிந்த தாதுக்கான விலையின் மிச்சம். இன்றைய ஆட்சியின் திறமையோ இன்றைய மக்களின் உழைப்போ அதில் இல்லை. தவணைகள் வரும் பன்னிரண்டு ஆண்டுகளிலும் குறைந்தது இரண்டு சட்டமன்றத் தேர்தல்கள் வரும். வரவுசெலவுத் திட்ட ஆவணத்தில் அந்தத் தொகை வருவாய்க் கணக்கில் ஏறுகிறதா, கோவாவைப்போல் தனி நிதிக்குப் போகிறதா என்பதை ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பார்க்கலாம். தமிழகத்தில் அதே ஆவணத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு: 0853-ஆம் தலைப்பின் கீழ் வரும் எண், புதிய நிலவரிக்கு எதிரே வரும் எண். அவற்றைக் கூட்டி, அதே ஆண்டின் மூலதனச் செலவு முந்தைய ஆண்டைவிட அந்த அளவுக்காவது உயர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டால், எடுத்த கல் எதுவாக மாறியது என்பதற்கு ஒரு தோராயமான விடை கிடைக்கும்.